தேசிக்காயும் ஜீவனியும்

வெறும் தேத்தண்ணிக்குள் தேசிக்காய்ப்புளி விட்டுக் குடித்தால் வயிற்றோட்டம் நின்றுவிடும் என்பது, மட்டக்களப்பு மாவட்டத்தின் வடகோடியாகிய வாகரைப் பகுதியில் மட்டுமன்றி இலங்கை முழுவதிலுமே வழங்கிவருகிற கைவைத்தியமாகும். பாட்டியிடமிருந்து தாய்க்கும் தாயிடமிருந்து மகளுக்கும் கைமாறி வந்த அந்த நம்பிக்கையில் பழிக்கத்தக்கது ஒன்றுமில்லை. நீர் வற்றி வாடுகிற சரீரத்துக்குள் கொதித்தாறிய ஜலம் போவதே ஒரு நன்மைதான். ஆயினும், கதிரவெளியிலோ, பால்சேனையிலோ, உள்ளே காட்டோரம் கிடக்கும் கட்டுமுறிவிலோ, நள்ளிரவில் ஒரு பச்சிளங் குழந்தை ஆறேழு தடவை நீராய்க் கழித்து, கண்கள் குழிவிழுந்து, நாக்கு உலர்ந்து, அழுதாலும் கண்ணீர் வராமல் துவண்டு கிடக்கையில், அதன் உயிரைக் காக்க வல்லது தேசிக்காய் அன்று; தேசிக்காயிலுள்ள சித்திரிக் அமிலத்தின் உப்பொன்றைத் தன்னுட் கொண்டதும், ஜீவனி என்ற பெயரால் நம் நாட்டவர் யாவரும் அறிந்ததுமாகிய ஒரு சிறு பொட்டலமே ஆகும். அந்தப் பொட்டலம் வைத்தியசாலையின் அலுமாரியில் இருப்பது போதாது, வாகரைப் பிரதேசத்தின் ஒவ்வொரு வீட்டிலும் நோய் வருவதற்கு முன்னரே இருந்தாக வேண்டும் என்பதே இங்கே நான் வற்புறுத்த விரும்புவது.

சித்திரிக் அமிலம் நமக்குப் புதிய வஸ்துவன்று. 1784-ஆம் ஆண்டிலே சுவீடன் தேசத்து இரசாயன விற்பன்னராகிய கார்ல் வில்லெம் ஷேலே எலுமிச்சைச் சாற்றிலிருந்து அதனைப் பளிங்கு வடிவிற் பிரித்தெடுப்பதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே, அதன் குணங்கள் நம் அடுக்களைகளிற் புழங்கிக் கொண்டுதான் இருந்தன. வாவியிற் பிடித்த மீனை அறுத்துக் கழுவியவுடன் உப்பும் தேசிக்காய்ப்புளியும் பிசறிச் சற்று நேரம் வைப்பது வழக்கம். மீனின் வெடுக்குக்குக் காரணமாகிய அமைன்கள் என்னும் பொருள்கள் காரகுணம் உடையவையாதலால், அமிலம் சேர்ந்ததும் அவை உப்பாக மாறி, ஆவியாகி மூக்கை எட்டும் சக்தியை இழந்துவிடுகின்றன. சொதிக்குப் புளி விடும் பக்குவமோ இன்னும் நுட்பமானது. தேங்காய்ப்பால் கொதித்துக்கொண்டிருக்கையில் அமிலம் விழுந்தால் அதிலுள்ள புரதம் திரைந்து, கொழுப்பு வேறு நீர் வேறாகப் பிரிந்துவிடும் என்பதை எந்தப் பாடசாலையிலும் படிக்காத பெண்கூடத் தன் அனுபவத்தால் அறிவாள். ஆகையாற் சட்டியை இறக்கி, கொதி அடங்கவிட்டு, விதை விழாதபடி விரலிடுக்கால் வடித்துப் பிழிந்து, அகப்பையால் ஒருமுறை மாத்திரம் கலக்கி மூடிவைக்கிறாள். மீன்கறிக்கு இடுகிற கொறுக்காயின் புளிப்புக்கூட இந்த அமிலத்தின் நெருங்கிய உறவாகிய ஐதரொட்சிச் சித்திரிக் அமிலத்தினால் ஆனதே என்பதை 1965-ஆம் ஆண்டில் லூயிஸ், நீலகண்டன் என்னும் இந்திய விஞ்ஞானிகள் இருவர் நிறுவினர். தேசிக்காய்ச் சாற்றில் நூற்றுக்கு ஐந்து ஆறு பங்கு வரையில் சித்திரிக் அமிலம் உண்டு. பழவகைகளில் இவ்வளவு செறிவு அபூர்வமானது.

நாம் ஒரு துளி புளிப்பையும் உண்ணாதிருந்தாலும் நம்முடைய உடலே இவ்வமிலத்தை இடையறாது ஆக்கியும் அழித்தும் கொண்டிருக்கிறது என்பது பலருக்கு வியப்பைத் தரலாம். உண்ட சோறும் மீனும் எண்ணெயும் கடைசியில் எரிந்து சக்தியாக மாறுகிற பாதை, ஒவ்வோர் உயிரணுவிலும், சித்திரிக் அமிலத்தில் தொடங்கி மீண்டும் அதிலேயே வந்து முடிகிற ஒரு வட்டமாக அமைந்திருக்கிறது. 1937-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து அதனைக் கண்டறிந்தவர், நாஜிகளின் ஆட்சியால் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்த ஹான்ஸ் கிரெப்ஸ் என்பவர். அவர் எழுதியனுப்பிய குறிப்பை அக்காலத்துப் புகழ்பெற்ற விஞ்ஞான இதழொன்று ஏற்றுக்கொள்ளவில்லை. பதினாறு ஆண்டுகளின் பின்னர், 1953-இல், அதே கண்டுபிடிப்புக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உடலிலுள்ள சித்திரேற்றில், அதாவது இவ்வமிலத்தின் உப்பு வடிவத்தில், ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு எலும்பிலே தங்கியிருக்கிறது என்பதும், எலும்பின் கனிமத் துகள்கள் அளவுக்கு மீறிப் பருத்துவிடாமல் அவற்றின் மேற்பரப்பிற் பற்றிக்கொண்டு காப்பது அதுவே என்பதும் பின்னர் தெளிந்த உண்மைகள்.

இனி ஜீவனியின் கதைக்கு வருகிறேன். 1971-ஆம் ஆண்டு கிழக்கு வங்காளத்தில் யுத்தம் மூண்டு இலட்சோபலட்சம் ஜனங்கள் எல்லை கடந்து இந்தியாவுக்குள் வந்து குவிந்தபோது, பன்காவ் என்னும் ஊரிலிருந்த அகதி முகாமிலே வாந்திபேதி பரவியது. நாளத்தின் வழியாக ஏற்றுகிற உப்புநீர்ப் போத்தல்கள் தீர்ந்துபோய், நோயாளிகள் நிலத்திற் கிடந்து மடிந்துகொண்டிருந்த அவ்வேளையில், கல்கத்தாவைச் சேர்ந்த திலீப் மகாலனபிஸ் என்ற வைத்தியர், உப்பும் குளுக்கோசும் சோடா உப்பும் கலந்த தூளைப் பொட்டலங்களாகக் கட்டுவித்து, நீரிற் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரைக் கொண்டே வாயால் ஊட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரையில் இருந்த மரணம் நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. வயிற்றோட்டத்தால் எவ்வளவு சீர்கெட்டிருந்தாலும் சிறுகுடலானது குளுக்கோசும் சோடியமும் ஒருங்கே வரும்போது அவ்விரண்டையும் உறிஞ்சிக்கொண்டு, அவற்றின் பின்னே நீரையும் இழுத்துக்கொள்ளும் என்ற தத்துவமே அவருக்குத் துணையாக நின்றது.

அக்காலத்துக் கலவையில் இருந்த சோடா உப்பு, அதாவது சோடியம் இருகாபனேற்று, பேதியிலே உடல் இழக்கிற காரத்தை ஈடுசெய்வதற்காகச் சேர்க்கப்பட்டது. அக்காரம் இல்லையேல் குருதியில் அமிலம் மிகுந்து குழந்தை மூச்சிரைக்கும். ஆனால் உஷ்ணமும் ஈரமும் நிறைந்த தேசங்களில் அது குளுக்கோசோடு சேர்ந்து கட்டிபட்டு, பழுப்பேறிக் கெட்டது. 1984-ஆம் ஆண்டில் உலக சுகாதார தாபனம் அதற்குப் பதிலாகச் சோடியம் சித்திரேற்றைச் சேர்க்குமாறு பணித்ததற்குப் பிரதான காரணம், அவ்வுப்பு வெக்கையையும் ஈரக்காற்றையும் தாங்கிப் பொட்டலத்துக்குள் நெடுநாள் கெடாமல் இருக்கும் என்பதேயாகும். மாரிகாலத்து ஈரத்தில் உப்புச்சாடியே கசிகிற நம் கரையோரத்துக் குடிசைகளை மனத்தில் வைத்துப் பார்த்தால், அந்த மாற்றத்தின் பெறுமதி நன்கு விளங்கும். வீட்டிலே மாதக்கணக்கில் வைத்திருக்கத்தக்க மருந்தாக ஜீவனி ஆனது சித்திரேற்றினால்தான். உடலுக்குள் சென்றபின் சித்திரேற்று எரிந்து இருகாபனேற்றாகவே மாறிவிடுகிறதாகையால் வேண்டிய காரமும் கிடைத்துவிடுகிறது.

தேசிக்காயிலும் அதே சித்திரேற்றுத்தானே இருக்கிறது என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. தேசிக்காய்ப்புளியிலுள்ளது பெரும்பாலும் தனித்த அமிலம். அது எரிந்து எவ்வளவு காரத்தைத் தருமோ அவ்வளவு அமிலத்தையும் தன்னோடு சுமந்தே வருகிறது. ஆகவே கணக்கு நேராகி, மிச்சம் ஏதுமில்லை. சோடியத்தோடு கூடிய உப்பாக வரும்போது மாத்திரமே உடலுக்குக் காரம் இலாபமாகக் கிடைக்கிறது. அன்றியும், 2002-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட முறைப்படி ஒரு லீற்றருக்குச் சாதாரண உப்பு 2.6 கிராம், குளுக்கோசு 13.5 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 1.5 கிராம், சோடியம் சித்திரேற்று 2.9 கிராம் என்று நிறுத்து வைக்கப்பட்ட அளவைச் சிட்டிகையாலும் கரண்டியாலும் எட்டமுடியாது. சீனி மிகுந்தால் அது குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியை வளர்க்கும். உப்பு மிகுந்தால் குழந்தையின் மூளைக்கே ஆபத்து.

அளவின் அவசியத்தைச் சொல்லும்போது ஒரு தவறான வழக்கத்தையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. ஒரு லீற்றருக்கென்று அடைத்த பொட்டலத்தைப் பிரித்து, ஒரு குவளை நீருக்குக் கொஞ்சம் தூளை உத்தேசமாகக் கொட்டி, மிச்சத்தை மடித்துக் கூரையிற் செருகிவைப்பவர்கள் உண்டு. பிள்ளை ஒரு லீற்றர் குடிக்காதே, ஏன் வீணாக்குவது என்ற சிக்கன புத்தியால் நேர்வது அது. ஆனால் தூளின் உப்புக்கள் எங்கும் ஒரேசீராகக் கலந்திருக்கும் என்ற உறுதியில்லை, உத்தேசமோ எப்போதும் கூடியோ குறைந்தோதான் அமையும். முழுப் பொட்டலத்தையும் அதில் அச்சிட்ட அளவான கொதித்தாறிய நீரிற் கரைத்து, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு கழிச்சலுக்குப் பின்னும் 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை, சிறு கரண்டியால், அவசரமின்றிக் கொடுக்க வேண்டும். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்கலாம். 24 மணித்தியாலத்துக்குப் பின் மிஞ்சியதை ஊற்றிவிட வேண்டும். தாய்ப்பாலை எக்காரணத்தாலும் நிறுத்தலாகாது. குழந்தை குடிக்க மறுத்து மயங்கினாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, கைவைத்தியம், பொட்டலம் இரண்டையும் நம்பியிராமல் வைத்தியசாலைக்குக் கொண்டோட வேண்டும்.

கரைக்கிற நீரைப் பற்றியும் சொல்லவேண்டும். வாகரையின் கரையோரக் கிராமங்கள் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல்நிலத்தில் அமைந்தவை. மழைநீர் மணலில் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய ஏடாகத் தங்குவதையே ஆழமில்லாத கிணறுகளில் அள்ளுகிறார்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அந்த ஏடு மெலிந்து, கிணறு உவர்க்கத் தொடங்கும். மாரியில் நிலத்தடி நீர் மேலெழும்பிவந்து, பக்கத்திலுள்ள மலசலகூடக் குழியோடு உறவாடும். இவ்விரண்டு கேடுகளுக்கும் நடுவே வாழுகிற ஒரு குடும்பத்திடம் சுத்தமான நீரிற் கரையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் கிணற்றின் கட்டும், குழிக்கும் கிணற்றுக்கும் இடையேயுள்ள தூரமும், குடிநீர்க் குழாயும் இப்பகுதிக்குரிய கோறளைப்பற்று வடக்குப் பிரதேச சபை முதலிய பொது அமைப்புகளின் பொறுப்பாக இருக்கின்றனவே தவிர, தனித்தனிக் குடும்பங்களின் கைக்குள் அடங்குவன அல்ல.

இப்பகுதியின் அண்மைக்காலச் சரித்திரமே என் வாதத்துக்குப் போதிய சான்றாகும். 2004 மார்கழி 26-இல் கடல் ஏறிவந்து இக்கரையை அழித்தது. இரண்டாண்டு கழியுமுன், 2006-இல், யுத்தத்துக்கு அஞ்சி மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் வெருகலாற்றைக் கடந்து ஓடிவந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாகரையில் மரநிழல்களிலும் பாடசாலைகளிலும் தங்கின; உணவும் மருந்தும் வருகிற வீதி ஒடுங்கியது; கார்த்திகை மாதம் 8-ஆந் திகதி கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் எறிகணைகள் வீழ்ந்து பலர் உயிர்நீத்தனர்; 2007 தை மாதத்தில் எஞ்சிய ஜனங்களும் காட்டையும் வாவியையும் கடந்து வெளியேறினார்கள். அந்நாட்களில் மட்டக்களப்பு நகரத்துப் பெரிய வைத்தியசாலை 60 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்ததா அறுநூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்ததா என்ற பேதமே இல்லை. இன்று பனிச்சங்கேணிப் பாலத்தின்மேல் பஸ் ஓடுகிறது. வீதி செம்மையாக இருக்கிறது. ஆனால் வெள்ளம் எழும் ஒரு மார்கழி இரவில் உட்கிராமத்துத் தாய்க்கு வைத்தியசாலை எட்டாப் பொருளாகிவிடுவது இன்றும் நடக்கக்கூடியதே. அவள் கையிலிருக்கும் பொட்டலமே அவளுடைய வைத்தியசாலை.

சிறுநீரகத்தைப் பற்றிய நம்பிக்கைகளும் இவ்விடத்தில் ஆராயத்தக்கவை. வெயிலில் வலை இழுப்பவரும் வயலில் நிற்பவரும் போதிய நீர் அருந்தாமையால் அவர்களுடைய சிறுநீர் செறிந்து கல் உண்டாகிறது. சிறுநீரிலுள்ள சித்திரேற்று கல்சியத்தைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு, அது ஒட்சலேற்றோடு கூடிப் பளிங்காகாமல் தடுக்கிறது. சித்திரேற்றுக் குறைந்தவர்களுக்கு வைத்தியர்கள் பொற்றாசியம் சித்திரேற்றைக் கொடுப்பது இதனாலேயே. இதைக் கேள்வியுற்றவர்கள், தேசிக்காய்ச் சாறு குடித்தால் கல் கரைந்துபோகும் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். யூரிக் அமிலத்தால் ஆன கற்கள் காரத்தன்மையுள்ள மருந்தாற் கரையக்கூடியவை. பெரும்பான்மையாகக் காணப்படுகிற கல்சியம் ஒட்சலேற்றுக் கல்லோ, ஒருமுறை உண்டானபின், எந்தச் சாற்றாலும் கரைவதில்லை. தேசிக்காய்த் தண்ணீரின் நன்மையிற் பெரும்பங்கு அதிலுள்ள தண்ணீருடையதே என்று சொன்னால் அது மிகையாகாது. சீனியை அள்ளிக் கொட்டாமல் அதனை அருந்துவது நல்ல பழக்கம்.

ஆபத்து வேறோரிடத்தில் இருக்கிறது. நமக்கு மேற்கே, பொலன்னறுவை, அனுராதபுர மாவட்டங்களில், 1990-களிலிருந்து காரணம் முற்றாகத் துணியப்படாத ஒரு நாட்பட்ட சிறுநீரக வியாதி கமக்காரர்களைப் பீடித்துவருகிறது. அவ்வாறு சிறுநீரகம் பழுதுபட்டவருக்குப் பொற்றாசியம் உடலிற் தேங்கி, இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். அலுமினியம் கலந்த நெஞ்செரிவு மருந்தோடு சித்திரேற்றும் சேர்ந்தால் அலுமினியம் குருதியில் மிகுதியாக ஏறி மூளையைக் கெடுக்கும். ஆகவே கல்லுக்கு நல்லதென்று அயலவர் கொடுக்கிற மருந்தைச் சிறுநீரக வியாதியுள்ளவர் வைத்தியரைக் கேளாமல் வாயில் வைக்கவே கூடாது. புளிப்பே மருந்து என்று எண்ணுவோர், ஸ்கொட்லாந்து வைத்தியராகிய ஜேம்ஸ் லிண்ட் 1747-இல் கடற்படைக் கப்பலொன்றில் நடத்திய சோதனையை நினைத்துக்கொள்ளலாம்: பல்லீறு அழுகும் நோயுற்ற பன்னிரு மாலுமிகளில் வினாகிரியும் கந்தக அமிலமும் பெற்றவர்கள் தேறவில்லை, தோடம்பழமும் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைவில் எழுந்தார்கள். குணப்படுத்தியது புளிப்பன்று, அப்பழங்களிலிருந்த உயிர்ச்சத்து.

வைத்தியசாலைக்குள்ளேயும் சித்திரேற்று உப்பு அளவினாலேயே உயிர்காக்கிறது. வெளியே எடுத்த குருதி சில நிமிடங்களில் உறைந்துவிடுவதால், நன்கொடையாளரையும் நோயாளியையும் பக்கத்திற் பக்கத்திற் படுக்கவைத்தே குருதி ஏற்றிய காலம் ஒன்றிருந்தது. 1914-ஆம் ஆண்டில் பெல்ஜியத்தில் அல்பேர் உஸ்தேன் என்பவரும், ஆர்ஜென்டீனாவில் லூயிஸ் அகோதே என்பவரும், குருதியோடு சோடியம் சித்திரேற்றைக் கலந்து அது உறையாமற் செய்தார்கள். உறைவதற்கு இன்றியமையாத கல்சியத்தை அது பிணைத்துக்கொள்வதே சூட்சுமம். மறு ஆண்டில் நியூயோர்க்கைச் சேர்ந்த ரிச்சட் லூயிசோன், நூற்றுக்கு 0.2 பங்கு போதும், நோயாளிக்கும் தீங்கில்லை என்று அளவை நிர்ணயித்தார். இன்று சித்திரேற்றும் பொசுபேற்றும் சீனியும் அடினினும் கலந்த பைகளில், குளிரூட்டிய இடத்திலே, குருதியை 35 நாட்கள் வைத்திருக்கலாம். பிரசவத்தில் குருதி பெருகி ஓடுகிற தாய்க்கு மட்டக்களப்போ வாழைச்சேனையோ தொலைவாகாமல் இருப்பது அந்தப் பைகளால்தான். வாகரை இளைஞர்கள் இரத்ததான முகாம்களுக்கு இன்னும் அதிகமாக முன்வரவேண்டும்.

கடைகளில் நிறம் தீட்டி விற்கிற குளிர்பானத் தூள்களிலும் சித்திரிக் அமிலம் உண்டு. அது இன்று பழத்திலிருந்து வருவதில்லை. சீனிக் கரைசலில் வளருகிற ஒருவகைக் கரும்பூஞ்சணம் அதனைச் சுரக்கும் என்பதை 1917-இல் ஜேம்ஸ் கறி என்பவர் காட்டியபின், உலகத் தேவை பெரும்பாலும் அவ்வழியாலேயே நிறைவுபெறுகிறது. அதில் நஞ்சில்லை. 1976-இல் பிரான்சில் கிளம்பிய ஒரு துண்டுப்பிரசுரம் அதனைப் புற்றுநோய் விளைக்கும் பொருளென்று பொய்யாகப் பழித்து, ஐரோப்பா முழுவதும் பீதியைப் பரப்பியது. ஆயினும் நாள்முழுவதும் பிள்ளைகள் சப்புகிற புளிப்பு இனிப்பும் தூள்பானமும் பல்லின் மேற்பூச்சை அரிக்கும் என்பது மெய். வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு ஜீவனிக்குப் பதிலாக அத்தகைய பானத்தைக் கொடுப்பதோ, அதிலுள்ள சீனியால், நோயை வளர்ப்பதாகும்.

ஆகையால் செய்யவேண்டியவை சிலவே. வீடுதோறும் செல்லுகிற குடும்பநல மருத்துவமாது ஒவ்வொரு கர்ப்பிணித் தாயின் கையிலும் இரண்டு ஜீவனிப் பொட்டலங்களைக் கொடுத்து, தன் கண்முன்னே ஒருமுறை கரைக்கச் செய்ய வேண்டும். சொல்லிக் கொடுப்பதைவிடக் கரைத்துக் காட்டுவதே மனத்திற் பதியும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு லீற்றர் போத்தலையும் ஒரு பொட்டலத்தையும் வைத்து இதனைப் பழக்கலாம். தாய் கடலுக்கோ கூலிக்கோ போயிருக்கும் வீட்டிலே தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அந்த வயதுப் பிள்ளையே. மீன்வாடிகளிலும், கடைசிக் கிராமத்துச் சிறு கடையிலும் ஜீவனி கிடைக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கச்சான் காலத்தில் ஒருமுறையும் மாரிக்கு முன் ஒருமுறையும் கிணறுகளின் நீரைச் சோதித்து, முடிவை அந்தந்தக் கிராமத்திலேயே எழுதி ஒட்டுவிக்க வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு அற்பம். ஒரு குழந்தையை நோயாளர் வண்டியில் நகரத்துக்குக் கொண்டுசென்று நாளம் வழியாக நீரேற்றுகிற செலவோடு ஒப்பிடுவதற்கே இடமில்லை. மாரிமழை ஐப்பசியில் தொடங்குகிறது. வெருகலாறு பெருகி வீதியை மூடியபின் எந்தப் பொட்டலத்தையும் கட்டுமுறிவுக்குக் கொண்டுசெல்ல முடியாதாகையால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் பிரதேச சபையும் ஆவணி, புரட்டாதி மாதங்களுக்குள்ளேயே இவ்வேலையை முடித்துவைக்க வேண்டும்.